ஒரு பேணி நிறையப் பழைய சன்னம்

303 துவக்கில் போகிற சன்னத்தின், அதாவது குண்டின், விட்டம் 303 அல்ல. ஓரங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் 303 பங்கு என்பது குழலைத் துளைத்தபோது இருந்த அளவு. அதற்குப் பிறகுதான் சன்னத்தைச் சுழலவைக்க உள்ளே வரிப்பள்ளம் வெட்டுவார்கள். சன்னம் அந்தப் பள்ளத்தையும் அடைத்துக்கொண்டு போக வேண்டும் என்பதால் அது 311 அல்லது 312 ஆக இருக்கும். ஒரு பள்ளத்தின் அடியிலிருந்து எதிர்ப் பள்ளத்தின் அடிவரை 314 அளவில் வர வேண்டும். உலகப் போர்க்காலத்தில் அவசர அவசரமாகச் செய்த குழல்களை அளந்தால் 311 முதல் 316, 317 வரை எல்லாம் வரும். இவ்வளவும் 303 என்ற ஒரே பெயரில்தான் கைமாறுகிறது. ஆகவே பழைய சன்னத்தை வைத்து ரவை அடைக்க, அதாவது வெறும் கோதில் வெடிமருந்து போட்டு மேலே சன்னத்தை இருத்தப் புறப்படுகிறவர், பெட்டியில் எழுதியிருக்கிற எண்ணை முதலில் மறந்துவிடுவது நல்லது.

நான் ஒன்ராறியோவில் இருக்கிறேன். இங்கே துவக்கு உரிமம் உள்ளவர் தன் சொந்தப் பாவனைக்கு வீட்டிலேயே ரவை அடைக்கலாம். இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து வாசிக்கிறவர்கள் இதைச் செய்முறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கே சட்டம் வேறு. என்னிடம் 303 ரவை சுடுகிற பழைய பிரித்தானிய இராணுவ மாதிரித் துவக்கான லீ-என்ஃபீல்ட் இரண்டு இருக்கின்றன. ஒன்று, யாரோ முன்கட்டையை வெட்டி வேட்டைத் துவக்காக மாற்றிய பழைய நம்பர் 1 மாதிரி. மற்றது 1943இல் லோங் பிராஞ்சில் செய்த நம்பர் 4. ரொறொன்ரோவுக்கு மேற்குக் கரையில், ஏரியோரமாக இருந்த அந்தத் தொழிற்சாலை 9 லட்சத்துக்கு மேற்பட்ட துவக்குகளைச் செய்தது. அவற்றைச் சோதித்த கட்டடம் இப்போது மிசிசாகாவில் கலைநிகழ்ச்சிகள் நடக்கும் மண்டபம். வட துருவப் பக்கம் காவல் செய்யும் கனடியன் ரேஞ்சர்கள் 2018இல் புதுத் துவக்கு வரத் தொடங்கும்வரை இந்த நம்பர் 4ஐத்தான் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள்.

“துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள், இவர் காசு குடுத்துத் தேடி வாங்கிறார்” என்று மனிசி சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லி முடித்துவிட்டா. நியாயமான பேச்சுத்தான். எனக்கு இதில் பிடித்தது சுடுவதைவிட அளப்பது என்று நான் சொல்வதை அவ இன்றுவரைக்கும் நம்பவில்லை.

எங்கள் சுடுகழகத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் காலமானபிறகு, அவருடைய நிலவறையைத் துப்புரவாக்கிய மகள் பிஸ்கற் பேணிகள் சிலவற்றைக் கழகத்துக்குக் கொண்டுவந்தா. மூடியில் பென்சிலால் “303” என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் வெறும் சன்னங்கள், அதாவது கோதும் மருந்தும் இல்லாமல் பறந்துபோகும் முனைப்பகுதி மட்டும். அந்தப் பேணிகள் என்னிடம் வந்துசேர்ந்தன. புதுச் சன்னம் நூறு வாங்குகிற விலையை நினைத்தால் யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது.

பிரிக்கிற வேலை கண்ணில் தொடங்க வேண்டும், கருவியில் அல்ல. நுனியில் நிறம் பூசியவை எல்லாவற்றையும் முதலில் எடுத்துத் தனியே வைத்தேன். இராணுவச் சன்னங்களில் சிவப்பு, பச்சை, நீலம் என்று நுனிக்குப் பூசுவது சும்மா அழகுக்கு இல்லை. சுவடு காட்டும் சன்னம், கவசம் துளைக்கும் சன்னம், தீ மூட்டும் சன்னம் என்று உள்ளே வேறு வேறு சரக்கு இருக்கும். ஐம்பது அறுபது வருடத்தில் பூச்சு உரிந்தும் போயிருக்கும் என்பதால், ஒரு புள்ளி நிறம் தெரிந்தாலும் அதை நான் ஐயத்துக்கிடமானதாகவே எடுத்தேன். அடிப்பக்கத்தில் ஈயம் தெரியாமல் வேறு ஏதாவது அடைத்திருந்தால் அதற்கும் அதே கதி. பிறகு காந்தம். காந்தத்தில் ஒட்டுவதெல்லாம் கவசம் துளைப்பது என்று முடிவு கட்ட முடியாது. செப்புக் கலவை பூசிய இரும்பு உறையும் ஒட்டும். ஆனால் பெரும்பாலான சுடுகழகங்கள் காந்தத்தில் ஒட்டும் சன்னத்தைச் சுடுமிடத்துக்குள் விடுவதில்லை, கல்லில் பட்டால் பொறி பறந்து புல் பற்றும் என்பதால். எங்கள் கழகமும் அப்படித்தான். அவையும் ஒதுக்கம்.

மிஞ்சியவற்றைத் தராசில் போட்டேன். சன்னத்தின் எடையைக் கிரெயின் என்ற அளவில் சொல்வார்கள், 15 கிரெயினும் கொஞ்சமும் சேர்ந்தால் ஒரு கிராம். எடை போட்டதுமே பேணிக்குள் எத்தனை குடும்பம் கலந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. 174 கிரெயினில் ஒரு பெருங்கூட்டம், கூர்நுனி, தட்டை அடி. 215 கிரெயினில் கொஞ்சம், நீளமான உருண்டைநுனி. 123 கிரெயினில் குட்டையானவை. 180இல் கொஞ்சம், 170இல் சப்பை நுனியோடு இன்னும் கொஞ்சம்.

அடுத்தது விட்டம். இதற்கு வேர்னியர் போதாது, ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே காட்டுகிற மைக்ரோமீட்டர் வேண்டும். 180 கிரெயின்காரர்கள் 308 காட்டினார்கள். 30-06, 308 வின்செஸ்டர் போன்ற அமெரிக்கத் துவக்குகளின் சன்னம். 123 கிரெயின்காரர்கள் 310, கலாஷ்னிக்கோவின் 7.62×39க்கு உரியவை. 170 கிரெயினில் இருந்த சப்பை நுனிக்காரர் 321. என்னைச் சற்று நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவைத்தவை இவைதான். முன்னொரு காலத்தில் இந்தப் பக்கம் மான் வேட்டைக்கு நிறையப் பேர் வைத்திருந்த 32 வின்செஸ்டர் ஸ்பெஷலின் சன்னம் அது. 312 குழலுக்குள் 321 சன்னத்தைத் தள்ளுவதென்றால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று யாரும் சோதித்துப் பார்க்க வேண்டிய தேவையில்லை. கோதின் கழுத்தில் அது இறுகும், குழலின் பின்னால் ரவை அமர்கிற அறைக்குள்ளும் போகாமல் நிற்கக்கூடும். ஆனால் போர்க்கால அறைகள் தாராளமானவை, போய்விட்டால்தான் ஆபத்து.

பெயர் ஒன்று, அளவு இரண்டு என்கிற சிக்கல் 303க்கு மட்டும் உரியதல்ல. ஜேர்மனியர் 1888இல் கொண்டுவந்த 8 மில்லிமீட்டர் துவக்கின் சன்னம் 318. 1905இல் கூர்நுனிச் சன்னத்துக்கு மாறியபோது அது 323 ஆகிவிட்டது. பழைய குழலில் புதுச் சன்னத்தைப் போடக் கூடாது என்பது அந்தத் துவக்கு வைத்திருப்பவர்கள் முதலில் படிக்கிற பாடம். இத்தாலியக் கர்க்கானோ 6.5 என்பார்கள், ஆனால் உலகத்தில் மற்ற 6.5 எல்லாம் 264 ஆக இருக்க அது மட்டும் 268 கேட்கும். 264ஐப் போட்டுச் சுட்டுவிட்டு, துவக்கு கூடாது என்று பேர் கெடுத்தவர்கள் அநேகம்.

சன்னம் எவ்வளவு என்று தெரிந்தாயிற்று, குழல் எவ்வளவு? இதைத்தான் பலர் செய்யாமல் விடுகிறார்கள், என் கண்ணில் இதுதான் முழு வேலையிலும் முக்கியமான அரை மணித்தியாலம். தூண்டிலுக்குக் கட்டும் மெத்தென்ற ஈயக்குண்டு ஒன்று எடுக்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழுகிற ஈயமாக இருக்க வேண்டும். இப்போது கடையில் ஈயமில்லாத கடினமான குண்டுகளும் விற்கிறார்கள், அவை வேண்டாம். துவக்கு வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்து, போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் எண்ணெய் தடவி, வாயிலிருந்து ஈயத்தை மரச்சுத்தியலால் தட்டி இறக்கி, பித்தளைக் கம்பியால் மெல்ல மெல்ல அறைப்பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டும். இடையில் எங்கே இறுகுகிறது, எங்கே வழுக்குகிறது என்று கையே சொல்லும். வெளியே வரும் ஈயத்தில் பள்ளமும் மேடும் அச்சாகப் பதிந்திருக்கும்.

என் லோங் பிராஞ்சில் வேலை சுலபம். போர்க்காலத்தில் நேரம் மிச்சம் பிடிக்க இரண்டே பள்ளம் வெட்டிய குழல் அது. பள்ளங்கள் எதிரெதிராக இருக்கும், மைக்ரோமீட்டரை நேரே வைத்து அளக்கலாம். 315 காட்டியது. நம்பர் 1இல் ஐந்து பள்ளம். ஐந்து என்றால் ஒரு பள்ளத்துக்கு எதிரே மேடுதான் வரும், மைக்ரோமீட்டர் எங்கே வைத்தாலும் குறைந்த அளவையே காட்டும். மெல்லிய பித்தளைத் தகட்டை ஈயத்தைச் சுற்றி ஒரேயொரு சுற்றுச் சுற்றி, அதற்கு மேலே அளந்து, தகட்டின் தடிப்பை இரண்டு தரம் கழித்தால் சரியான அளவு வரும். 312. ஆக, இரண்டு துவக்குக்கும் ஒரே ரவைதான் என்று உலகம் சொல்கிறது, குழல்களுக்கிடையே ஆயிரத்தில் மூன்று பங்கு வித்தியாசம்.

இனித் தான் பேணியிலிருந்த 174 கிரெயின்காரரின் அருமை தெரியவந்தது. அவை 1910இல் பிரித்தானிய இராணுவம் கொண்டுவந்த மார்க் 7 வகை, யாரோ ரவையிலிருந்து கழற்றி வைத்தவை. மார்க் 7இன் நுனிப்பகுதிக்குள் ஈயம் இல்லை. அலுமினியமோ, போர்க்காலத்தில் மரக்கூழோ அடைத்திருப்பார்கள். அதனால் எடைக்கு மிஞ்சின நீளம், பாரம் முழுக்கப் பின்னால். அடி தட்டையாக, ஈயம் வெளியே தெரிகிறபடி இருக்கும். மருந்து எரிந்து பின்னாலிருந்து உதைக்கும்போது அந்த மெத்தென்ற அடி விரிந்து பள்ளத்தை நிரப்பிவிடும். 311 சன்னம் 314 குழலில் ஒழுங்காகப் போன இரகசியம் இதுதான். அடி ஒடுங்கிய நவீன சன்னங்கள், போட்டிக்கென்று விலை கொடுத்து வாங்குகிறவை, இப்படி விரியாது. என் 315 குழலில் அவை நூறு மீற்றரில் பெரிய சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்குச் சிதறின. பேணியிலிருந்த பழைய மார்க் 7 ஒரு கை அகலத்துக்குள் நின்றது. அதே நவீன சன்னம் 312 குழலில் நன்றாகவே போனது. பிழை சன்னத்தில் இல்லை.

308ஐயும் வேண்டுமென்றே ஐம்பது மீற்றரில் சுட்டுப் பார்த்தேன். அழுத்தத்தால் ஆபத்தில்லை, சன்னம் சிறிதுதானே. ஆனால் லோங் பிராஞ்ச் அதைச் சுழற்றவேயில்லை; அட்டையில் விழுந்த ஓட்டைகளில் பாதி நீட்டாக, சன்னம் பக்கவாட்டில் போனதன் அடையாளமாக இருந்தன. 123 கிரெயின் 310கள் நம்பர் 1இல் ஐம்பது மீற்றர் வரை பரவாயில்லை, பிள்ளைகளைப் பழக்க உதைப்புக் குறைந்த ரவைக்கு நல்லது.

கழற்றிய சன்னத்துக்கு ஒரு சின்னப் பராமரிப்பு உண்டு. இராணுவ ரவையில் ஈரம் புகாமல் கழுத்துக்குள் தார் போன்ற கறுப்புப் பூச்சுப் பூசியிருப்பார்கள். அது சன்னத்தில் வளையமாக ஒட்டியிருக்கும், மைக்ரோமீட்டரையும் ஏமாற்றும், கழுத்திலும் இறுகும். பெயின்ற் தின்னரில் ஊறவைத்துத் துடைத்துவிட வேண்டும். குறடு பிடித்த தழும்பு ஆழமாக இருந்தால், உறை வெடித்திருந்தால், மெத்தென்ற நுனியில் வெள்ளைப் பொடி பூத்து ஈயம் அரித்திருந்தால் வீசிவிடலாம். முழு ரவையாகக் கிடைத்த பழைய சரக்கைப் பிரிக்கிறவர்கள் உள்ளே இடியப்பச் சரம்போலக் கட்டாக ஒரு பொருளைக் காண்பார்கள். அது கோர்டைற். ஒருநாளும் திரும்பப் பாவிக்கிற மருந்தல்ல.

அளவு பெரிதாக இருக்கிற சன்னத்தை டை என்கிற அளவெடுத்த இரும்புத் துளைக்குள் இறுக்கித் தள்ளிச் சிறிதாக்கலாமே என்று கழகத்தில் அடிக்கடி கேட்பார்கள், முக்கியமாக அந்த 321களைப் பார்த்துவிட்டு. ஈயச் சன்னமென்றால் கொஞ்சம் செய்யலாம். செப்பு உறை போட்டதைச் செய்யக் கூடாது. நெரித்து விடுகிறபோது உறை சற்றே பழையபடி விரியும், உள்ளேயிருக்கிற ஈயம் விரியாது. இரண்டுக்கும் இடையில் வெற்றிடம் விழுந்து ஈயம் உறைக்குள் ஆடத் தொடங்கும். சன்னம் செய்கிற தொழிற்சாலைகளும் சின்னதை அழுத்திப் பெருப்பிக்குமே தவிரப் பெரியதைச் சிறுப்பிக்காது. 321களை 32 ஸ்பெஷல் வைத்திருந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன், அவர் நத்தாருக்கு ஒரு துண்டு மான் இறைச்சி தந்தார்.

315 குழலுக்கு நிரந்தர வழி ஈயத்தை நாமே வார்ப்பது. லீ நிறுவனத்தின் 185 கிரெயின் அச்சு ஒன்று 312 என்று பெயர் போட்டிருந்தாலும் என் ஈயக்கலவையில் 314 அளவில் விழுகிறது. லைமனின் 314299 என்ற பழைய அச்சும் இந்தக் குழல்களுக்குப் பேர்போனது. வார்க்கிற சன்னம் குழலின் பள்ளத்தைவிட ஆயிரத்தில் ஒன்று பெரிதாக இருக்க வேண்டும். எனக்கு 316 தேவை. வாகனங்களுக்குப் பூசுகிற பொடிப் பூச்சைச் சன்னத்தில் ஒட்டவைத்து, சமையலுக்குப் பாவிக்காத தனிச் சூளையில் 200 பாகை செல்சியஸில் சுட்டெடுத்தால் விட்டத்தில் ஆயிரத்தில் இரண்டு கூடும். 314 ஓடு 2, கணக்குச் சரி. வார்த்த சன்னத்தை அளவாக்குகிற டை 314 தான் கடையில் இருந்தது. ஒரு கம்பியில் ஈரத் தேய்ப்புத் தாளைச் சுற்றி, உள்ளே தேய்த்துத் தேய்த்து 316க்குக் கொண்டுவந்தேன். பொறுமையாகத் தேய்த்து, ஒவ்வொரு தடவையும் ஒரு ஈயத்தைத் தள்ளி அளந்து பார்க்க வேண்டும், கூடிப்போனால் திரும்ப வராது.

ஈயத்துக்கு முன்பு கார்ச்சில்லின் சமநிலைக் குண்டுகளைச் சேர்ப்பார்கள். இப்போது அதில் பாதி துத்தநாகமும் இரும்பும். ஈயம் 327 பாகையில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும். சட்டியின் சூட்டைக் கீழே வைத்திருந்தால் துத்தநாகக் குண்டு உருகாமல் மிதக்கும், வழித்தெடுத்து எறியலாம். அது கலந்துவிட்டால் அச்சு நிரம்பாது. சட்டிக்கு அருகில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வரக் கூடாது. உருகிய ஈயத்துக்குள் ஈரம் போனால் ஆவியாகி வெடித்து முகத்தில் தெறிக்கும். நான் வார்ப்பது வாகனக் கொட்டகையில், கதவைத் திறந்து, நீண்ட கை வைத்த உடுப்போடு. அன்று போட்ட உடுப்பைத் தனியே தோய்க்க வேண்டும் என்பது மனிசியின் சட்டம், அதை நான் மீறுவதில்லை. ஈயத்தூள் சின்னப்பிள்ளைகள் உள்ள வீட்டுக்குள் வரக் கூடாது.

பெரிய சன்னத்தை அடைக்கிறவர் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று கழுத்து இடைவெளி. ரவையின் கழுத்து சன்னத்தைப் பிடித்திருக்கிறது. சுடும்போது அது விரிந்து சன்னத்தை விடுவிக்க அறைக்குள் இடம் இருக்க வேண்டும். இடமில்லாவிட்டால் சன்னம் இறுகி அழுத்தம் ஏறும். சோதனை சுலபம். அதே துவக்கில் சுட்டெடுத்த கோதின் வாய்க்குள், அதை எதுவும் செய்யாமல், புதுச் சன்னத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் உள்ளே விழுந்தால் இடம் இருக்கிறது. தள்ள வேண்டியிருந்தால் அந்தச் சன்னம் அந்தத் துவக்குக்கு வேண்டாம். அதோடு, கோதுக்கான டைக்குள் கழுத்தை விரிக்க இருக்கிற வழமையான விரிப்புக் குமிழ் 311க்கு அளவெடுத்தது. 316 ஈயத்தை அதனால் விரித்த கழுத்துக்குள் தள்ளினால் கழுத்து சன்னத்தை நெரித்துத் திரும்பவும் 313 ஆக்கிவிடும். பட்ட பாடெல்லாம் வீண். ஆகவே குமிழும் பெரிதாக வேண்டும்.

மருந்தின் அளவு எதையும் இங்கே எழுதமாட்டேன். அது மருந்து நிறுவனத்தின் கைநூலில் இருக்கிறது, வாய்வழியாக வரக் கூடாது. பேர் தெரியாத பழைய சன்னத்துக்குக் கைநூலில் நேரடியான பக்கம் இருக்காது. அதே எடையோ அதற்கு மேற்பட்ட எடையோ உள்ள, அதே வகை உறை போட்ட சன்னத்தின் பக்கத்தை எடுத்து, அதில் ஆகக் குறைந்த அளவில் தொடங்கி, அங்கேயே நிற்பது என் வழக்கம். பழைய 303இன் உச்ச அழுத்தம் அமெரிக்கத் தரத்தில் சதுர அங்குலத்துக்கு 49,000 இறாத்தல், 308 வின்செஸ்டருக்கு 62,000. இந்த இரண்டு துவக்கும் ஒன்றல்ல என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. கைநூல் சொன்னதற்குக் கீழேயும் போகக் கூடாது: உதை குறைந்து உறை போட்ட சன்னம் குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், அடுத்த வெடி அதன் முதுகில் போய் இடிக்கும். சத்தம் வழமைக்கு மாறாகக் கேட்டால் நிறுத்திக் குழலைப் பார்க்க வேண்டும். ஈயச் சன்னத்துக்கு வேகமாக எரிகிற மருந்தைக் குறைந்த அளவில் போடுகிறவர்கள் ஒரே கோதில் இரண்டு தரம் போட்டாலும் வெளியே வழியாது. சன்னத்தை வைக்குமுன் எல்லாக் கோதுகளையும் தட்டில் நிறுத்தி, டோர்ச் அடித்து உள்ளே பார்ப்பேன்.

பழைய சன்னத்தின் நுனி வடிவம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி என்பதால் எவ்வளவு ஆழத்துக்கு இருத்துவது என்பதும் மாறும். மருந்தில்லாத ஒரு மாதிரி ரவை செய்து, சன்னத்தை மெழுகுதிரிப் புகையில் கறுப்பாக்கி, அறைக்குள் போட்டு எடுத்தால் வரிமேடு தொட்ட இடம் தெரியும். அதற்குச் சற்று உள்ளே, ஆனால் ரவைக்கூட்டுக்குள் அடங்குகிற நீளத்தில். 215 கிரெயின்காரர் நீளம் கூடியவர். உள்ளே இறக்கினால் மருந்துக்கு இடம் குறையும், அழுத்தம் கூடும். அவற்றில் நான் சுட்டது கொஞ்சம்தான். பழைய கடதாசிப் பெட்டியோடு கிடைத்தவற்றைச் சேகரிப்பாளர் ஒருவர் வாங்கிக்கொண்டார், அந்தக் காசுக்கு இரண்டு பெட்டி புதுச் சன்னம் வந்தது.

கோதைப் பற்றிச் சுருக்கமாக: 303 அறைக்குள் தன் அடி விளிம்பில் தாங்கி நிற்கிற ரவை, அறை நீளமானது, கோது முதல் வெடியிலேயே இழுபடும். கழுத்தை மட்டும் அளவாக்க வேண்டும், முழுக்கோதையும் அல்ல. முதல் வெடிக்கு விளிம்போடு ஒரு மெல்லிய றப்பர் வளையத்தைப் போட்டால் கோது பின்னால் ஒட்டி நின்று அறைக்கேற்ற மாதிரி வடிவம் எடுக்கும். வளைத்த கம்பியைக் கோதுக்குள் விட்டு அடிக்கு மேலே சுவரைத் தடவிப் பார்த்தால், பள்ளம் தட்டுப்படுகிற கோது அடுத்த தடவை இரண்டாகப் பிரியப்போகிறது.

நிறம் பூசிய நுனிக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். தீ மூட்டுகிற, வெடிக்கிற சன்னத்தை இங்கே தனியார் வைத்திருப்பதே குற்றம். பொலிஸின் அவசரமல்லாத இலக்கத்துக்கு அழைத்தால் ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள், கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை. காரில் ஏற்றிக்கொண்டு நாமாகவே பொலிஸ் நிலையத்துக்குப் போகக் கூடாது. மிச்சம் எல்லாம் இப்போது மருந்துக்கடைப் பிளாஸ்ரிக் போத்தல்களில், எடை, அளந்த விட்டம், எந்தக் குழலுக்கு என்ற மூன்று விபரமும் ஒட்டி வைத்திருக்கின்றன. 303 என்று எதிலும் எழுதவில்லை.